தொலைந்த பென் டிரைவும் பார்ட்டிகளின் பாஸ்வேர்டும்

கேள்வி: சார், வணக்கம். குரோம்பேட்டையில் இருந்துகொண்டு சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். டேலி பேக்கப், பார்ட்டிகளின் ஆதார், பான் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், எல்லோருடைய போர்ட்டல் யூசர் நேம், பாஸ்வேர்டு உள்ள ஓர் எக்ஸெல் என எல்லாமே ஒரே பென் டிரைவில்தான் இருந்தன. போன வாரம் பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோவில் அது விழுந்து தொலைந்துவிட்டது. வீட்டு லேப்டாப்பில் அநேகமாக எல்லாவற்றுக்கும் காப்பி இருக்கிறது. பாஸ்வேர்டு போடும் வசதியுள்ள நல்ல பென் டிரைவ் எது? ஆன்லைனில் 2 டிபி பென் டிரைவ் ரூ.700க்குப் பார்த்தேன், வாங்கலாமா? பிடிஎஃப் சுருக்கவும் சேர்க்கவும் ஆன்லைன் தளங்களைத்தான் நம்பியிருக்கிறேன், அது ஆபத்தா? எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் போட்டுவிடு என்கிறான் தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. புது பென் டிரைவின் மேல் என் போன் நம்பரை ஒட்டிவைக்கலாமா?
— வாசகி, குரோம்பேட்டை

பதில்:

வணக்கம். நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. எந்த பென் டிரைவ் வாங்குவது என்பதை அடுத்த வாரம்கூட முடிவு செய்யலாம். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எல்லோருடைய யூசர் நேமும் பாஸ்வேர்டும் உள்ள ஓர் எக்ஸெல் என்று, அவசரம் அதில்தான் இருக்கிறது. இதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய் அந்த பாஸ்வேர்டுகளை மாற்றினாலும் சரிதான்.

ஜிஎஸ்டி போர்ட்டலை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள். ஈ-வே பில் தளத்துக்குத் தனி யூசர் நேம், தனி பாஸ்வேர்டு. வருமான வரி இ-ஃபைலிங் தனி. பார்ட்டிக்காக நீங்களே திறந்து கொடுத்த ஜிமெயில் இருந்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும், ஏனென்றால் மற்றவற்றை ரீசெட் செய்யும் ஓடிபி அங்கேதான் வந்து விழும். ரிட்டர்ன் போட ஓடிபியோ டிஎஸ்சியோ (டிஜிட்டல் கையெழுத்து) வேண்டுமே, வெறும் பாஸ்வேர்டை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஒரு கடைக்காரர் யாரிடம் வாங்குகிறார், யாருக்கு விற்கிறார், மாதம் எவ்வளவு என்பதெல்லாம் உள்ளே இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரருக்கு அது போதும்.

மாற்றி முடித்ததும் ஒவ்வொரு பார்ட்டிக்கும் நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள். சங்கடம்தான். ஆனால் அவர்களுடைய ஆதாரும் பானும் வெளியே போயிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆதார் தளத்திலோ எம்ஆதார் செயலியிலோ பயோமெட்ரிக்கைப் பூட்டிவைக்கச் சொல்லுங்கள், இலவசம்தான். கணக்கிலிருந்து பணம் போனதாக யாராவது சொன்னால், அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன்.

எடுத்தவர் எதற்கு அதைத் திறந்து பார்க்கப்போகிறார் என்று தோன்றலாம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் 297 பென் டிரைவ்களை வேண்டுமென்றே அங்கங்கே போட்டுவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். முடிவு 2016ல் வெளியானது. குறைந்தது 45 சதவீத டிரைவ்களில் இருந்த ஃபைல்களை யாரோ திறந்திருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, பலரும் உரியவரைக் கண்டுபிடிக்கத்தான் திறந்தார்கள். உங்கள் பென் டிரைவும் ஒரு நல்ல மனிதர் கையில் கிடைத்திருக்கலாம். அந்த நல்ல மனிதர் அதைச் செருகும் கணினியில் என்னென்ன வைரஸ் இருக்கிறதோ, அது அவருக்கே தெரியாது.

இன்னொன்றும் உங்களுக்கு உறுத்த வேண்டும். இ-ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நிறையப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தப் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்து, கூடவே பிறந்த வருடம். வருமான வரித் தளத்திலிருந்து இறக்கும் ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) பிடிஎஃப்புக்கு பான் நம்பரும் பிறந்த தேதியும். பெயர், பிறந்த தேதி, பான் நம்பர் மூன்றும் பான் கார்டில் அச்சடித்திருக்கிறது. அந்த பான் கார்டின் நகல் அதே ஃபோல்டரில். பூட்டையும் சாவியையும் ஒரே டப்பாவில் போட்டு மூடியது போலத்தான். இனிமேல் பார்ட்டியிடம் ஆதார் வாங்கும்போது, முழு நம்பர் தேவைப்படாத இடத்தில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கேட்டு வாங்குங்கள். அதே ஆதார் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

சரி, பென் டிரைவுக்கு வருவோம்.

ரூ.700க்கு 2 டிபி வேண்டவே வேண்டாம். அதன் உள்ளே பெரும்பாலும் 16 ஜிபியோ 32 ஜிபியோதான் இருக்கும். கணினி கேட்கும்போது 2 டிபி என்று பொய் சொல்லும்படி கன்ட்ரோலர் சிப்பை மாற்றி எழுதியிருப்பார்கள். முதலில் ஏற்றும் ஃபைல்கள் நன்றாகத்தான் திறக்கும். உண்மையான அளவு தீர்ந்த பிறகு ஏற்றுபவை ஒன்று காணாமல் போகும், இல்லையென்றால் பழையவற்றின் மேலேயே எழுதப்படும். ஃபைல் பெயர் தெரியும், அளவு தெரியும், திறந்தால் எரர். மார்ச் கடைசியில் பேக்கப்பை ரிஸ்டோர் செய்யப் போகும்போதுதான் விஷயமே தெரியவரும். ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், தெரிந்த பிராண்டில் 64 ஜிபியோ 128 ஜிபியோ பில்லோடு வாங்குங்கள். வாங்கியதும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் சின்ன புரோகிராமை ஓட்டுங்கள். அது டிரைவ் முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்து, உள்ளே உண்மையில் எவ்வளவு என்று சொல்லிவிடும். நேரம் எடுக்கும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

பாஸ்வேர்டு வசதியோடு வரும் பென் டிரைவைத் தேட வேண்டியதில்லை. மலிவான சிலவற்றோடு வரும் பாஸ்வேர்டு சாஃப்ட்வேர் ஃபைல்களை ஒளித்துவைப்பதோடு சரி, என்கிரிப்ட் செய்வதில்லை, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதுவதில்லை. மேலேயே பட்டன் வைத்த, வன்பொருளிலேயே என்கிரிப்ட் செய்யும் கிங்ஸ்டன் அயர்ன்கீ போன்றவை நிஜமாகவே நல்லவை. ஆனால் அதே அளவு சாதாரண டிரைவைவிடப் பல மடங்கு விலை. உங்கள் வேலைக்குச் சாதாரண பென் டிரைவும் இலவச சாஃப்ட்வேரும் போதும்.

உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் புரோ இருந்தால் பிட்லாக்கர் என்ற பூட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது. டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ஆன் செய்தால் போதும். வழியில் ஓர் இடத்தில் மட்டும் கவனம்: பயன்படுத்திய இடத்தை மட்டும் என்கிரிப்ட் செய்யவா, முழு டிரைவையுமா என்று கேட்கும். ஏற்கெனவே புழங்கிய டிரைவ் என்றால் முழு டிரைவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் டெலீட் செய்த ஃபைல்கள் உண்மையில் அழிவதில்லை, ரெக்குவா மாதிரி இலவச புரோகிராமே அவற்றைத் தோண்டி எடுத்துவிடும். கடைசியில் 48 இலக்க ரெகவரி கீ ஒன்று தரும். பிரின்ட் எடுத்து பீரோவில் வையுங்கள், கைப்பையில் அல்ல. இப்படிப் பூட்டிய டிரைவை பார்ட்டி கடையில் விண்டோஸ் ஹோம் இருந்தாலும் பாஸ்வேர்டு போட்டுத் திறக்கலாம். ஹோமில் புதிதாகப் பூட்டத்தான் முடியாது.

உங்களிடம் இருப்பதே ஹோம் என்றால் வெராகிரிப்ட். ட்ரூகிரிப்ட் 2014 மே மாதத்தோடு நின்றுபோன பிறகு அதன் வாரிசாக நிலைத்துவிட்ட ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், இலவசம். சொல்லப்போனால் உங்கள் வேலைக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. காரணம் இதுதான். இதில் முழு டிரைவையும் பூட்ட வேண்டியதில்லை, பென் டிரைவுக்குள் ஒரு பெரிய ஃபைலை உருவாக்கி, அதைத் தனி டிரைவ் போலத் திறந்து மூடலாம். அப்படி பார்ட்டிக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்து வேலை செய்யும்போது ஹார்டுவேர் கடையின் பெட்டியை மட்டும் திறக்கிறீர்கள். அந்தக் கணினியில் வைரஸ் இருந்தாலும், மருந்துக்கடைக்காரரின் பேங்க் ஸ்டேட்மென்ட்டை அதனால் படிக்க முடியாது. எந்தப் பூட்டாக இருந்தாலும், திறந்த பிறகு அந்தக் கணினியில் ஓடும் எல்லா புரோகிராமுக்கும் அது திறந்ததுதான். ஒரே பூட்டுக்குள் எல்லாப் பார்ட்டியையும் வைக்கக்கூடாது என்பது இதனால்தான். ஒரே ஒரு இடைஞ்சல் உண்டு. அட்மின் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியாத கணினியில் வெராகிரிப்ட்டை நேராக பென் டிரைவிலிருந்து ஓட்ட முடியாது. அப்படிப்பட்ட இடத்துக்கு உங்கள் லேப்டாப்பையே கொண்டுபோவது நல்லது.

ஃபைல்களைச் சுருக்கிக் கட்டும் செவன்-ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டு வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆடிட்டருக்கு ஒரு ஃபைலை மெயிலில் அனுப்ப அது சரியான வழி. செவன்-இசட் ஃபார்மேட், ஏஇஎஸ்-256, கூடவே ஃபைல் பெயர்களையும் என்கிரிப்ட் செய்யும் டிக். பாஸ்வேர்டை அதே மெயிலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள். ஆனால் தினசரிப் புழக்கத்துக்கு வேண்டாம். உள்ளேயிருக்கும் ஃபைலை டபுள் கிளிக் செய்தால், அது அந்தக் கணினியின் டெம்ப் ஃபோல்டரில் பூட்டில்லாத ஒரு காப்பியை வைத்துத்தான் திறக்கிறது.

டேலியிலேயே டேலி வால்ட் என்ற பூட்டு இருக்கிறது. போட்டுவிட்டால் கம்பெனிப் பட்டியலில் பெயர்கூட நட்சத்திரக் குறிகளாகத்தான் தெரியும். பேக்கப் ஃபைல் யார் கையில் கிடைத்தாலும் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது. நீங்கள் மறந்தால் உங்களுக்கும் திறக்காது, டேலிக்காரர்களாலும் முடியாது. எக்ஸெலில் ப்ரொடெக்ட் ஷீட் என்பது பூட்டே இல்லை, தெரியாமல் கைபட்டு மாறாமல் இருக்கத்தான் அது. ஃபைல் மெனுவில் இன்ஃபோவுக்குள் போய் என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். ஆனால் பாஸ்வேர்டுகளை எக்ஸெலில் வைக்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். கீபாஸ்எக்ஸ்சி என்ற இலவச புரோகிராம் இதற்கென்றே இருக்கிறது, இன்டர்நெட்டே தேவையில்லை. பார்ட்டிக்கு ஒரு என்ட்ரி, ஒவ்வொன்றுக்கும் அதுவே நீளமான பாஸ்வேர்டை உருவாக்கித் தரும். உங்கள் தலையில் இருக்க வேண்டியது அதைத் திறக்கும் ஒரே பாஸ்வேர்டு. அது முருகன்@123 ஆக இருக்கக்கூடாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால் நீளமும் கிடைக்கும், மறக்கவும் மறக்காது.

மறதியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஸ்டெஃபன் தாமஸ் என்ற புரோகிராமர், 7,002 பிட்காயினுக்கான சாவியை ஓர் அயர்ன்கீயில் வைத்துவிட்டு, பாஸ்வேர்டு எழுதிய காகிதத்தைத் தொலைத்துவிட்டார். பத்து தடவை தப்பாகப் போட்டால் அந்த டிரைவ் உள்ளே இருப்பதை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். 2021 ஜனவரியில் செய்தி வந்தபோது எட்டு தடவை முடிந்திருந்தது. உங்கள் பிரதான பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி, கவரில் ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். திருடன் பயம் வேறு, மறதி பயம் வேறு. உங்கள் வீட்டு பீரோவுக்குள் இரண்டாவதுதான் பெரிது.

பாதுகாப்பான கையடக்கச் சாதனம் ஒன்று உங்களிடமே ஏற்கெனவே இருக்கும், டிஎஸ்சி டோக்கன். அதற்குள் இருக்கும் ரகசியச் சாவியை யாராலும் காப்பி எடுக்க முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள், கையெழுத்து போடும் வேலையே அந்தச் சிப்புக்குள் நடக்கிறது. பின் நம்பரைத் தொடர்ந்து தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். இவ்வளவையும் செய்து கொடுத்தால், டோக்கனில் வரும்போதே இருந்த 12345678ஐ மாற்றாமல், அதையே ஸ்டிக்கரில் எழுதி டோக்கனின் முதுகில் ஒட்டி, பிஸ்கட் டப்பாவில் பார்ட்டி பெயரோடு அடுக்கிவைத்திருக்கும் ஆபீஸ்கள் தி.நகரிலேயே எத்தனையோ உண்டு. உங்களுடையதில் ஸ்டிக்கர் இருந்தால் இன்றைக்கே கிழித்துவிட்டுப் பின்னையும் மாற்றுங்கள்.

அப்புறம், பென் டிரைவ் எடுத்துப்போகத்தான், சேர்த்துவைக்க அல்ல. ஜிஎஸ்டி சட்டப்படி, ஒரு வருடத்துக் கணக்கை அதன் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஆறு வருடத்துக்கு பென் டிரைவை நம்ப முடியாது. கரன்ட் இல்லாமல் வருடக்கணக்கில் டிராயரில் கிடந்தால் உள்ளே பதிந்த மின்னூட்டம் கசிந்து ஃபைல் கெடலாம். அடிக்கடி செருகிப் பிடுங்கினால் பின் ஆடிப்போகும். முக்கியமான டேட்டா எப்போதும் மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரிலோ வேறு இடத்திலோ என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. லேப்டாப் ஒன்று, வாரம் ஒருமுறை காப்பி எடுக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று, அப்புறம் வெளியே ஒன்று. காப்பி எடுத்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வைரஸ் வந்த அன்று லேப்டாப்போடு அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

வெளியே ஒன்று எதற்கு என்று தாம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே பீரோவின் ஒரே கீழ்த்தட்டில்தான் மூழ்கின.

அந்த மூன்றாவது காப்பிக்குக் கூகுள் டிரைவ் சரியான இடம். தம்பி சொல்வதில் பாதி சரி. 15 ஜிபி இலவசம், ஆனால் ஜிமெயிலும் போட்டோவும் அதே 15க்குள்தான். கூகுள் தன்னிடம் உள்ளதை என்கிரிப்ட் செய்துதான் வைக்கிறது, ஆனால் சாவி கூகுளிடம். உங்கள் ஜிமெயிலுக்குள் ஒருவர் புகுந்தால் எல்லாம் போச்சு. அதனால் லேப்டாப்பில் கிரிப்டோமேட்டர் போட்டுக்கொள்ளுங்கள். கணினியில் இலவசம். நீங்கள் போடும் ஃபைலை உங்கள் லேப்டாப்பிலேயே பூட்டி, பூட்டியதைத்தான் டிரைவுக்கு அனுப்பும். ஜிமெயிலுக்கு டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் கட்டாயம். அப்போது கிடைக்கும் பேக்கப் கோடுகளைப் பிரின்ட் எடுத்து அதே பத்திரக் கவரில் வையுங்கள். தம்பி சொல்லாத மீதிப் பாதி என்னவென்றால், சிங்க் என்பது பேக்கப் ஆகாது. லேப்டாப்பில் தவறி அழித்தால் அங்கேயும் அழியும், 30 நாள் டிராஷில் கிடந்து போய்விடும். அதனால்தான் ஹார்ட் டிஸ்க்கை விட வேண்டாம் என்கிறேன்.

மிச்சம் இருப்பது பிடிஎஃப் தளங்கள். எந்த ஆன்லைன் டூலைத் திறந்தாலும் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்: வேலை என் கணினியில் நடக்கிறதா, அவர்களுடைய கணினியிலா? சுருக்க, சேர்க்க என்று நீங்கள் அப்லோடு செய்யும் தளங்களில் பெரும்பாலானவற்றில் ஃபைல் அவர்கள் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. ஓரிரு மணி நேரத்தில் அழித்துவிடுவதாகப் பெரிய தளங்கள் சொல்கின்றன, அதை நம்பலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆபத்து அவர்களிடம் இல்லை, தேடும்போது மேலே விளம்பரமாக வரும், அதே மாதிரிப் பெயர் வைத்த போலிகளிடம். இலவசக் கன்வர்ட்டர் என்ற பெயரில் வைரஸ் ஏற்றும் தளங்களைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது.

தளம் ஃபைலை அனுப்புகிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி: பக்கம் முழுசாக ஏறியதும் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு சாதாரணப் படத்தைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வேலை நடந்தால் எல்லாம் உங்கள் பிரவுசருக்குள்தான். போட்டோவின் கேபியைக் குறைக்க உதவும் ஸ்கூஷ் அந்த வகை. பிடிஎஃப்புக்கு பிடிஎஃப்24 கிரியேட்டரை லேப்டாப்பிலேயே இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். சுருக்க, சேர்க்க, பிரிக்க, பாஸ்வேர்டு போட எல்லாம் இலவசம், ஃபைல் வெளியே போகாது. போனில் ஸ்கேன் செய்யக் கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் பட்டன் இருக்கிறது. 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் கேம்ஸ்கேனரும் ஒன்று, ஆனாலும் பார்ட்டிகள் அனுப்பும் நகல்களின் கீழ் மூலையில் அந்தப் பெயரை இன்னமும் பார்க்கிறேன்.

ஃபைலிலோ லிங்க்கிலோ வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் நல்ல டூல். ஆனால் அதில் அப்லோடு செய்யும் ஃபைலைப் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிர்ந்துகொள்வார்கள். சந்தேகமான லிங்க்கைப் போட்டுப் பாருங்கள், பார்ட்டியின் பேலன்ஸ் ஷீட்டைப் போடாதீர்கள். உங்கள் மெயில் எந்த டேட்டா கசிவிலாவது சிக்கியிருக்கிறதா என்று ஹேவ் ஐ பீன் போண்டு தளத்தில் தெரிந்துகொள்ளலாம். ஜெராக்ஸ் கடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரின்ட் எடுக்க அவர்கள் வாட்ஸ்அப்புக்கு ஆதாரை அனுப்புகிறோம், அது அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் நமக்கு முன்னால் வந்த இருபது பேரின் ஆதாரோடு உட்கார்ந்திருக்கும். ரூ.6,000க்குள் ஒரு சாதாரண பிரின்டர் வாங்கிப்போட முடிந்தால், உங்கள் தொழிலுக்கு அது பென் டிரைவைவிட நல்ல முதலீடு.

போன் நம்பர் ஒட்டலாமா என்றால், தாராளமாக ஒட்டுங்கள். பூட்டிய டிரைவ் என்றால் எடுத்தவருக்குத் திறக்க ஒன்றுமே இருக்காது, நம்பரைப் பார்த்துக் கூப்பிடத்தான் தோன்றும். பெயர், தொழில், கடை முகவரி எதுவும் வேண்டாம், நம்பர் மட்டும். அப்படி யாராவது கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் எந்தக் கணினியிலும் செருகாதீர்கள். நடுவில் அது எங்கெல்லாம் செருகப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. காப்பிதான் வீட்டில் இருக்கிறதே, அதை உடைத்துப் போட்டுவிட்டு வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பல்லாவரத்தில் தொலைந்தது திரும்பி வந்தாலும் இதே கதிதான்.